பள்ளி விடுமுறைக்கு ஐந்து பேர், கையில் 1,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்): எங்கே போகலாம்?

செந்தூல் அம்மா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், 11 வயது மகள், 7 வயது மகன், மாமியார். மாமியாருக்கு 66 வயது. முட்டி வலி இருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார். மே கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. வீட்டுக்காரருக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளிதான் ஒதுக்க முடிந்தது. கடன் அட்டையைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

இரண்டு வருடமாக எங்கேயும் போகவில்லை. போன விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மகனை 'விடுமுறையில் நான்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பேரங்காடிக்குப் போய்க் குளிரூட்டியில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

மகளுக்குத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா வேண்டும், மகனுக்குக் கடல், அத்தைக்குக் கோயில். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். அவருக்கு எங்கே என்றாலும் சரி, நன்றாகத் தூங்க வேண்டுமாம். எங்களிடம் ஒரு பழைய மைவி கார் இருக்கிறது. இந்தப் பணத்துக்கு எங்கே போய் வரலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பூச்சோங் அப்பா | ஞாயிறு, இரவு 10.05

கேமரன் மலைக்குப் போங்கள் சகோதரி. பெரியவர்களுக்குக் குளிர்ச்சி நன்றாக இருக்கும். சில தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கக் காசு கிடையாது. பிள்ளைகள் ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாம்.

ஆனால் விடுமுறை வாரத்தில் சனிக்கிழமை மட்டும் ஏறாதீர்கள். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வண்டி நகரவே நகராது. போன வருடம் தானா ராத்தாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றோம், சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வளைவு ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் தாப்பா பாதை வேண்டாம், சிம்பாங் பூலாய் வழியாகப் போங்கள். சுற்றுதான், ஆனால் அந்தப் பாதை அகலம்.

கெப்போங் அக்கா | ஞாயிறு, இரவு 10.31

எங்கே என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். பன்னிரண்டு வருடமாக விடுமுறைக்கு விடுமுறை கணக்கு எழுதி வைக்கிறேன். அதே வீட்டை வெள்ளி, சனி இரவு எடுத்தால் ஒரு விலை, ஞாயிறு முதல் புதன் வரை எடுத்தால் வேறு விலை. பல இடங்களில் இரண்டு வாரக்கடைசி இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று வாரநாள் இரவு தங்கிவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாமன்னர் பிறந்தநாள். அந்தச் சனி, ஞாயிறு, திங்களில் நாடே சாலையில் இருக்கும். அதோடு சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் ஜூனில் நான்கு வார விடுமுறை. அவர்கள் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் வரும்போது நமக்கு விலை ஏறிவிடும். அதனால் தெற்கே இறங்க வேண்டாம், வடக்கே போங்கள். அதையும் விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பாகான்காரன் | ஞாயிறு, இரவு 11.12

வடக்கே என்று அக்காவே சொல்லிவிட்டார், நானும் சொல்கிறேன். பினாங்குக்கு வாங்க. ஆனால் தீவில் தங்க வேண்டாம். இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் தங்குங்கள்.

பத்து பெரிங்கியில் கடலைப் பார்த்த அறை என்றால் விடுமுறையில் உங்கள் 1,200 வெள்ளி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பாகானில், பட்டர்வொர்த்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், இரண்டு அறை, சமையல்கட்டு, கார் நிறுத்த இடம் உள்ள தரைவீடே வாரநாளில் 150 வெள்ளிக்குக் கிடைக்கும். பெனாங் சென்ட்ரலில் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரி ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஜார்ஜ்டவுன். பெரியவர்களுக்கு 2 வெள்ளி. ரொக்கம் வாங்க மாட்டார்கள், டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வையுங்கள். பழைய ஃபெர்ரி மாதிரி இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும்தான். 2023-இல் வந்த நான்கு புது ஃபெர்ரிகள் ஓடுகின்றன. காலையில் மேல்தட்டில் நின்று பார்த்தால் மலை, பாலம், துறைமுகம் எல்லாம் தெரியும். எத்தனையோ வருடமாக ஏறுகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இறங்கியதும் அந்தப் பக்கம் கேட் பஸ் நிற்கும். ஜார்ஜ்டவுன் வட்டாரத்துக்குள் சுற்றும் இலவச பஸ் அது. அத்தையை நடக்க வைக்க வேண்டாம்.

செந்தூல் அம்மா | திங்கள், காலை 6.50

எல்லாருக்கும் நன்றி. பினாங்கு என்றால் இரயிலில் போகலாமா? வீட்டுக்காரர் வாரம் முழுக்க ஓட்டுகிறார். விடுமுறையிலும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கணக்குப் பார்ப்பவள் | திங்கள், மதியம் 1.20

இரயில் எனக்கும் பிடிக்கும். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஆனால் ஐந்து பேர் என்பதால் கணக்கைப் பாருங்கள். இடிஎஸ் என்ற அந்த விரைவு இரயிலில் பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 60-இலிருந்து 80 வெள்ளி வரை. பிள்ளைகளுக்குக் குறைவு, அத்தைக்கும் சலுகை கிடைக்கலாம், மைகாட் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அப்படியும் போக வர நானூறைத் தாண்டும். உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மைவியில் போனால் போக வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர், பெட்ரோலும் டோலும் சேர்த்து இருநூறை ஒட்டித்தான் வரும்.

ஓர் ஆளும் ஒரு பிள்ளையும் என்றால் நான் இரயிலைத்தான் சொல்வேன். ஐந்து பேருக்குக் கார்தான்.

அப்புறம் ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். அக்கா, நீங்கள் ஓட்டுவீர்களா?

செந்தூல் அம்மா | திங்கள், மதியம் 1.48

ஓட்டுவேன். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறேன். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டியதில்லை. தாப்பாவுக்கு மேல் ஒருமுறைகூடப் போனதில்லை.

கணக்குப் பார்ப்பவள் | திங்கள், மதியம் 2.02

அப்படியென்றால் நீங்கள்தான் ஓட்ட வேண்டும் அக்கா. ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். சாலை காலியாக இருக்கும், பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். தாப்பா ஆர்என்ஆர் ஓய்விடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், பசியாறுங்கள், கால் நீட்டுங்கள். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கம் வரும் பகுதி ஏற்ற இறக்கமும் வளைவுமாக இருக்கும். மழை பெய்தால் இடது பக்கமே மெதுவாகப் போங்கள், லோரிகளை முந்த வேண்டாம். வேண்டுமென்றால் அந்த நாற்பது நிமிடம் மட்டும் அண்ணனிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கெப்போங் அக்கா | திங்கள், மாலை 5.15

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. பணம் கரைவது அங்கேதான். ஐந்து பேர் மூன்று வேளையும் வெளியில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி. சமையல்கட்டு உள்ள வீடாக எடுங்கள். அரிசி, பருப்பு, சம்பல், முட்டை, நெத்திலி எல்லாம் இங்கிருந்தே கொண்டு போங்கள். இரவு ரசமும் பொரியலும் வைத்தால் போதும், பாதிப் பணம் மிச்சமாகும்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கச்சி | திங்கள், மாலை 6.03

அக்கா சொல்வது கணக்குக்குச் சரி. என் அம்மாவை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் போர்ட்டிக்சன் போகும்போதெல்லாம் அம்மா பானை, அடுப்பு, அரைத்த மசாலா என்று மூன்று பெட்டி கட்டுவார். நாங்கள் கடலில் இருப்போம், அவர் வீட்டுக்குள் மீன் ஆய்ந்துகொண்டிருப்பார். ஒரு படத்தில்கூட அம்மா கடலில் இல்லை. எல்லாப் படமும் அவர் எடுத்தது, இல்லையென்றால் அவர் சமையலறையில் இருந்தபோது எடுத்தது.

வேறு ஊரில் போய்ச் சமைத்தால் அது அம்மாவுக்கு விடுமுறை இல்லை.

கெப்போங் அக்கா | திங்கள், மாலை 6.20

நீ சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன் தங்கச்சி. பன்னிரண்டு வருடக் கணக்கில் என் வேலையை ஒரு வெள்ளியாகக்கூட நான் எழுதவில்லை.

பாகான்காரன் | திங்கள், மாலை 6.44

நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஊரில் காலைப் பசியாறல் மலிவு. ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், தோசை, தே தாரிக் என்று ஐந்து பேரும் 25 வெள்ளிக்குள் எழுந்துவிடலாம், யாரும் சமைக்க வேண்டாம். மதியம்தான் பெரிய சாப்பாடு. நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறியைத் தனித் தட்டில் வாங்கிப் பகிருங்கள். ஆளுக்கு ஒரு கோழி, ஒரு மீன் என்று காட்டிக்கொண்டே போனால் பில் எகிறிவிடும். தட்டில் ஏற்றுவதற்கு முன்பே விலையைக் கேளுங்கள், முக்கியமாக இறாலுக்கும் மீன் முட்டைக்கும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரவுக்கு அண்ணன் சமைக்கட்டும். லோரிக்காரர்களுக்கு ஒரு பானைச் சமையல் தெரியாமல் இருக்காது.

செந்தூல் அம்மா | திங்கள், இரவு 8.30

அவரிடம் படித்துக் காட்டினேன். "நீ ஓட்டு, நான் ஆக்குறேன்" என்றார். பேச்சு முடிந்தது.

செராஸ் தம்பி | திங்கள், இரவு 11.50

வீடு எடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். போன வருடக் கடைசியில் சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு வீட்டுக்கு 350 வெள்ளி முன்பணம் போட்டேன். நல்ல படங்கள், மற்ற வீடுகளைவிட விலை பாதி. தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். "இன்னும் இருவர் கேட்கிறார்கள், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினார்கள். குடும்பத்தோடு போய் வாசலில் நின்றபோது, அந்த வீட்டில் ஒரு சீனப் பாட்டி குடியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். என் மகள் காரிலேயே அழுதுகொண்டிருந்தாள். அந்த இரவை என்னால் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பணம் போடுமுன் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், புகார் இருந்தால் காட்டும். வீட்டு உரிமையாளரிடம் காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் காட்டுவார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே 997-க்கு, அதாவது தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கு, அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. நான் மறுநாள் மதியம்தான் அழைத்தேன்.

பூச்சோங் அப்பா | செவ்வாய், காலை 7.10

தம்பி, இதை எழுதியது நல்ல காரியம். தீவில் அடுக்குமாடி வீடு எடுப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புகளைக் குறுகிய கால வாடகைக்கு விட அங்கே கட்டுப்பாடு இருக்கிறது. பாதுகாவலர் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

தண்ணீர்மலை ஐயா | செவ்வாய், காலை 9.25

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிறந்தது முதல் பினாங்குதான். உங்கள் மாமியாரை நினைத்து இதை எழுதுகிறேன்.

கோயில் என்றதும் எல்லாரும் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணியைத்தான் சொல்வார்கள். மேலே போக 513 படி. முட்டி வலியோடு ஏற வேண்டாம், அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். முருகனை மலைமேல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொடிமலைக்கு அழைத்துப் போங்கள். அதுதான் புக்கிட் பெண்டேரா. 1923-இல் தொடங்கிய மலை இரயில் அது, இப்போது ஓடும் பெட்டிகள் 2011-இல் வந்தவை. உச்சியில் அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து கொஞ்சம் நடைதான். மைகாட் உள்ளவர்களுக்குப் பெரியவர் 12 வெள்ளி, பிள்ளைகளுக்கும் மூத்தவர்களுக்கும் 6. ஐந்து பேருக்கும் 42 வெள்ளி ஆகும். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், விடுமுறையில் பத்து மணிக்குப் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். காலை ஆறரைக்கே இரயில் ஓடத் தொடங்கிவிடும். ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். மேலே பனி விலகும்போது கீழே தீவு முழுக்கத் தெரியும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு நாள் காசில்லாமல் சுற்றலாம். நாங்கள் பிட் ஸ்திரீட் என்று சொல்லும் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பக்கத்துத் தெருவில் 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில். நான்கு மதமும் ஒரு நடைக்குள் அடங்கிவிடும். இந்தத் தெருக்களைக் கட்டியதில் நம் ஆட்களின் கை எவ்வளவு இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாசி கண்டாருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, சோறும் கறியும் சுமந்து விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். காவடி மாதிரியான அந்தக் கம்புதான் கண்டார். ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே அங்கே பூக்கட்டியவர்கள், படகு தள்ளியவர்கள், மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

தண்ணீர்ப் பூங்காவை மகள் கேட்கிறாள் என்றீர்கள். தெலுக் பஹாங்கில் இருக்கிறது, 1,111 மீட்டர் நீளச் சறுக்கு, உலகச் சாதனை. நல்ல இடம்தான். ஆனால் ஐந்து பேர் போனால் உங்கள் பணத்தில் பாதி ஒரே நாளில் தீர்ந்துவிடும். மகளை உட்கார வைத்து எண்களைக் காட்டுங்கள். 11 வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும். மறைத்து வைத்தால்தான் கோபம் வரும்.

சுங்கை பட்டாணி மருமகள் | செவ்வாய், மாலை 4.40

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன், புகுந்த வீடு கெடா. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். நாம் படித்த கடாரம் அந்த வட்டாரம்தான். ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த ஊர். புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்தை அங்கே முழுதாகப் பார்க்கலாம், பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது. நாங்கள் போகும்போதெல்லாம் காசு வாங்கியதில்லை.

பள்ளத்தாக்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2013-இல் ஒரு பழைய சண்டியை, அதாவது பழங்காலக் கோயில் இடிபாட்டை, நிலம் மேம்படுத்துகிறோம் என்று இடித்துத் தள்ளினார்கள், பெரிய சத்தம் எழுந்தது. இருப்பதையாவது பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஓடையில் இறங்குவதானால் கவனம். மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சாமானை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.

செந்தூல் அம்மா | புதன், இரவு 9.15

அத்தை பிறந்தது சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில். நாற்பது வருடமாக அந்தப் பக்கம் போனதில்லை. மெர்போக் என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்தேன். மற்றது எது விட்டுப்போனாலும் சரி, அங்கே போகிறோம்.

ஞாயிறு போய் புதன் திரும்புகிறோம். வியாழன் முழுக்க வீட்டுக்காரர் தூங்கட்டும். வீடு பேசிவிட்டேன், காணொளியில் காட்டினார்கள், செமாக் மியூலிலும் பார்த்துவிட்டேன். மூன்று இரவுக்கு 450. போய் வந்து எழுதுகிறேன்.

செந்தூல் அம்மா | சனி, காலை 10.30 (மூன்று வாரத்துக்குப் பிறகு)

போய் வந்துவிட்டோம். மகள்தான் கணக்குப் புத்தகம் வைத்திருந்தாள். ஐயா சொன்னபடி அவளிடம் எண்களைக் காட்டினோம். தண்ணீர்ப் பூங்கா விலையை அவளே தேடி, ஐந்தால் பெருக்கினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அடுத்த வருஷத்துக்கு இப்பவே உண்டியல் போடலாமா" என்று கேட்டாள். போட்டிருக்கிறோம்.

அவள் எழுதியபடி: வீடு 450. பெட்ரோலும் டோலும், பாலத்தையும் சேர்த்து, 215. சாப்பாடு 330. கொடிமலை 42. ஃபெர்ரி, பஸ், கார் நிறுத்தம் 34. தின்பண்டம், தம்பிக்கு ஒரு விளையாட்டுப் படகு, அத்தைக்கு லிட்டில் இந்தியாவில் கண்ணாடி வளையல், எல்லாம் 46. மொத்தம் 1,117. மிச்சம் 83 வெள்ளி.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். ரவாங்கைத் தாண்டும் வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது. வீட்டுக்காரர் பக்கத்து இருக்கையில் விழித்துக்கொண்டே வந்தார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிலிமைத் தாண்டியதும் தூங்கிவிட்டார். அந்தத் தூக்கம்தான் எனக்குத் தைரியம். மெனோராவில் அவரை எழுப்பவில்லை, இடது பக்கமாக மெதுவாக நானே போய்விட்டேன். அங்கே பயந்ததைவிட ஜூரு டோலுக்குப் பக்கத்து நெரிசலில்தான் அதிகம் திணறினேன்.

முதல் நாள் மாலை பாகான் ஆஜாம் பந்தாய் பெர்சேவில் உட்கார்ந்தோம். மகன் முதலில் கடல் பக்கம் ஓடினான், அப்புறம் அலையைப் பார்த்துப் பயந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் ஃபெர்ரியில் அவனை மேல்தட்டிலிருந்து இறக்க முடியவில்லை. திரும்பும்போது ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம், தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்ப்பதற்காக.

கொடிமலையில் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. ஆறே முக்காலுக்குப் போனோம், இருபது நிமிடத்தில் ஏறிவிட்டோம். இறங்கும்போது கீழே வரிசை வெளிவாசல் வரை நின்றது. மேலே அத்தை கோயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மதியம் பத்து பெரிங்கிக்குப் போனோம். கரையில் சொறிமீன் எச்சரிக்கைப் பலகை இருந்ததால் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடவில்லை. கடலுக்குள் நானும் நின்றேன். பிரிக்பீல்ட்ஸ் தங்கச்சி, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு மகளிடம் சொல்லிப் படம் எடுக்கச் சொன்னேன்.

இரவில் அவர்தான் சமைத்தார். முதல் நாள் சார்டின் கறி, இரண்டாம் நாள் முட்டைக் குழம்பு, மூன்றாம் நாள் மறுபடி சார்டின் கறி. யாரும் குறை சொல்லவில்லை. நான் அந்த மூன்று இரவும் அடுப்பங்கரைக்குள் போகவில்லை.

இனி மெர்போக். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் அந்தக் கோயில் அடித்தளம். அத்தை பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார், தோட்டத்தில் இவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரம் இதே மாதிரி சதுரமாக வெட்டிய கற்கள் கிடந்தனவாம். அவருடைய அம்மா அதில்தான் துணி துவைத்தாராம். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை, கல் என்று மட்டும் தெரியும் என்றார். மகள் கணக்குப் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து பாட்டி சொல்வதை எழுத ஆரம்பித்தாள். தோட்டத்தின் பெயர், கங்காணி வீடு, ஆறு, பால்மரம் வெட்டப் போகும் நேரம், எல்லாம். ஓடைக்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்தைத் தேடிப் போகவும் நேரம் வைத்திருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை, எனக்கு அது குறைதான்.

அன்றே கோலாலம்பூர் திரும்பியது தப்பு. மெர்போக்கிலிருந்து வீடு வர இரவு பத்தரை. தைப்பிங்கில் ஏரித் தோட்டம் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம், நேரமில்லாமல் தாண்டி வந்துவிட்டோம். இதே பயணம் போகிறவர்கள் மெர்போக்கைச் செவ்வாய்க்கு வையுங்கள், திரும்பும் நாளில் தைப்பிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை ஐயா | சனி, காலை 11.02

மகளே, அந்தப் பின்பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். மாமியார் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். நான் என் அம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கச்சி | சனி, காலை 11.40

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டுங்கள் அக்கா.

ஸ்தாப்பாக் அண்ணி | சனி, மதியம் 2.15

முழு இழையையும் இப்போதுதான் படித்தேன். எங்களுக்கு ஆண்டிறுதி விடுமுறையில்தான் நேரம் கிடைக்கும். நான்கு பேர், ஒரு கைக்குழந்தை. டிசம்பரில் இதே மாதிரி போகலாமா? வீட்டுக்காரர் பெர்ஹெந்தியான் தீவு என்கிறார்.

கணக்குப் பார்ப்பவள் | சனி, மதியம் 2.40

டிசம்பரில் கிழக்குக் கரை வேண்டாம் அண்ணி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், தீவு விடுதிகளை மூடிவிடுவார்கள். பெர்ஹெந்தியானை மார்ச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் பிரச்சினை இல்லை, பினாங்கும் பங்கோரும் போகலாம். கைக்குழந்தையோடு என்றால் நான் பங்கோரைச் சொல்வேன். லூமுட்டில் காரை நிறுத்திவிட்டுப் படகில் கொஞ்ச நேரம்தான். கடற்கரையிலேயே பத்திரகாளியம்மன் கோயில், தெலுக் நிப்பாவில் சாயங்காலம் இருவாச்சிகள் பக்கத்திலேயே வந்து உட்காரும். கிறிஸ்மஸ் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்தாப்பாக் அண்ணி | சனி, மதியம் 2.52

நன்றி தங்கச்சி. செந்தூல் அக்கா, ஒருவேளை பினாங்கே என்று முடிவானால், அந்தப் பட்டர்வொர்த் வீட்டில் சமைக்கப் பாத்திரம் எல்லாம் இருந்ததா, இல்லை கொண்டு போக வேண்டுமா?

செந்தூல் அம்மா | சனி, மதியம் 3.20

சோற்றுப் பானை, வாணலி, தட்டு எல்லாம் இருக்கிறது அண்ணி. கத்தி மட்டும் மொக்கை, வீட்டிலிருந்து ஒன்று எடுத்துப் போங்கள். குழந்தைக்குக் குளிக்க வாளி இல்லை, அதையும் வையுங்கள். வீட்டு உரிமையாளரின் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பணம் போடுமுன் நீங்களும் ஒருமுறை செமாக் மியூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.